கட்டுமானப் பாட்காஸ்ட்டில் கோளாறா? அறிகுறியைப் பிடித்துச் சரிசெய்யும் வழி

சிங்கப்பூரில் கட்டுமானம், மண் தோண்டும் வேலை, கனரக இயந்திரங்கள் பற்றித் தமிழில் பாட்காஸ்ட் நடத்துகிறவர்களுக்கு வரும் கோளாறுகள் அதிகமில்லை. ஆனால் அதே கோளாறுகள் வேறு வேறு சைட்டில், வேறு வேறு விருந்தினரிடம் திரும்பத் திரும்ப வரும். கீழே அறிகுறிதான் தலைப்பு. உங்களுடையது எதுவோ அதற்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் சரியாவது முதலில், செலவு வைப்பது கடைசியில். எந்த இடத்தில் சரியாகிறதோ அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

தொடங்கும் முன் இரண்டு விஷயம். மூலக் கோப்பைப் படியெடுத்து வேறொரு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் படியில்தான். அடுத்து, நல்ல ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு ‘சரியாக இருக்கிறது’ என்று முடிவு கட்டாதீர்கள். நம் பாட்காஸ்ட்டைக் கேட்கிறவர்களில் பலர் விடியற்காலையில் டார்மிட்டரியிலிருந்து சைட்டுக்குப் போகும் லாரியில் உட்கார்ந்து, ஒற்றைக் காதில் மலிவான இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்கிறார்கள். அதேபோன்ற ஓர் இயர்ஃபோனை ஒரு காதில் மட்டும் மாட்டி, ஓடும் பஸ்ஸில் ஐந்து நிமிடம் கேட்டுப் பாருங்கள். கீழே நான் சொல்லும் எல்லாச் சோதனைக்கும் அதுதான் அளவுகோல்.

அறிகுறி: பேச்சைவிட இயந்திரச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது

மைக் எவ்வளவு தூரத்தில் இருந்தது?

பத்தில் எட்டு முறை காரணம் இதுதான். மைக்குக்கும் வாய்க்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி போதும். தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் ஏறும். தூரத்தில் உறுமிக்கொண்டிருக்கும் எக்ஸ்கவேட்டர் சத்தம் அப்படியே இருக்கும். மேசையில் போனை வைத்துவிட்டு இரண்டு பேரும் சாய்ந்து உட்கார்ந்து பேசிய பதிவை எந்த மென்பொருளும் முழுதாகக் காப்பாற்றாது.

மைக் அருகில்தான் இருந்தது என்றால்: எந்த நேரம், எந்த இடம்?

வேலை நடக்கும் நேரத்தில் சைட்டுக்குள் பேட்டி எடுக்காதீர்கள். வீடுகள், மருத்துவமனைகள் போன்றவற்றுக்கு 150 மீட்டருக்குள் இருக்கும் சைட்டுகளில் (2011 செப்டம்பர் 1 முதல் தொடங்கியவை) ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையிலும் வேலை செய்யக்கூடாது என்பது தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் விதி. விருந்தினருக்கும் பெரும்பாலும் அன்றுதான் ஓய்வு. ஆனால் ஞாயிறு என்றதும் லிட்டில் இந்தியாவில் சந்தித்து, ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் ஒரு உணவகத்தில் உட்கார்ந்து பதிவு செய்யலாம் என்று நினைக்காதீர்கள். கூட்டத்தின் பேச்சுச் சத்தம் இயந்திரத்தைவிட மோசம். அதுவும் மனிதக் குரல் என்பதால் பிரித்தெடுக்கவே முடியாது. நிழலில் நிறுத்திய வேன் அல்லது கார் நல்ல இடம். சீட்டுத் துணியே எதிரொலியை விழுங்கிவிடும். எஞ்சினை அணைக்க வேண்டும் என்பதால் உள்ளே சூடேறும். பத்துப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக எடுத்து, நடுவில் கதவைத் திறந்துவிடுங்கள்.

வீட்டில் எடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இடிப்பது, துளையிடுவது போன்ற சத்தமான புதுப்பிப்பு வேலைகள் வார நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான். சனி, ஞாயிறு அவை கிடையாது. அதிகாலையில் எடுக்கலாம் என்றால் குயில் கூவும். அந்தக் குரல் பேச்சின் அலைவரிசையிலேயே ஏறி நிற்பதால் வெட்டி எடுப்பது கடினம். எனக்குச் சரிப்பட்டு வந்தது சனிக்கிழமை இரவு.

இடமும் நேரமும் சரி, இன்னும் சத்தமா?

மைக்கின் வகையைப் பாருங்கள். கண்டென்சர் மைக் அறை முழுவதையும் கேட்கும். டைனமிக் மைக் பக்கத்தில் இருப்பதை மட்டும் பிடிக்கும். நம் வேலைக்கு டைனமிக்தான். புதிதாக வாங்குவதற்கு முன் யாரிடமாவது இரவல் வாங்கி அதே இடத்தில் சோதியுங்கள்; பணம் செலவழிக்க வேண்டிய முதல் இடம் இதுவே.

இயந்திரச் சத்தமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் இந்தப் பாட்காஸ்ட்டுக்கு உயிரே இல்லை. அதைத் தனியாகப் பதியுங்கள். தடுப்புக்கு வெளியே நின்று இரண்டு நிமிடம்: பக்கெட் மண்ணைக் கவ்வும் சத்தம், பிரேக்கர் கான்கிரீட்டைக் குத்துவது, ரிவர்ஸ் அலாரம். பிறகு எடிட் செய்யும்போது பேட்டிக்கு அடியில் மெல்ல ஓடவிடுங்கள். குரல் ஒரு தடம், சத்தம் ஒரு தடம் என்று பிரித்து வைத்திருந்தால் எது எவ்வளவு கேட்க வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கும்.

சத்த நீக்கி மென்பொருள்?

கடைசியில்தான். முதலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை ஹை-பாஸ் ஃபில்ட்டரால் வெட்டுங்கள். டீசல் எஞ்சினின் அடி உறுமல் பெரும்பகுதி போய்விடும். அதற்குப் பிறகும் தேவைப்பட்டால் சத்த நீக்கியைக் கொஞ்சமாகப் போடுங்கள். அளவு மீறினால் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகக் குழைந்துவிடும். அந்த நிலைக்குப் போவதைவிடக் கொஞ்சம் சத்தம் இருப்பதே மேல்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: ஊருக்குத் திரும்பிப் போய்விட்டவர், இனி கிடைக்காதவர் பேசிய பதிவு என்றால் ஒலிச் சீரமைப்பு செய்யும் எஞ்சினியரிடம் கொடுங்கள். எம்பி3-ஐ அல்ல, மூல வேவ் கோப்பைக் கொடுக்க வேண்டும். நீங்கள் ஏற்கெனவே சத்த நீக்கி போட்ட கோப்பை வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

இதைச் சொல்லாமல் அடுத்ததற்குப் போக முடியாது: சைட்டுக்குள் இரண்டு காதையும் ஹெட்ஃபோனால் மூடிக்கொண்டு நிற்காதீர்கள். ரிவர்ஸ் அலாரம் கேட்காது. எக்ஸ்கவேட்டர் சுழலும் வட்டத்துக்குள் போகாதீர்கள். ஓட்டிக்கொண்டிருக்கும் ஆபரேட்டரிடம் மைக்கை நீட்டிப் பேச்சுக் கொடுக்காதீர்கள். ஒரு நல்ல ஒலித்துணுக்குக்காக ஒருவருடைய கவனம் ஒரு விநாடி சிதறக்கூடாது.

அறிகுறி: குரல் கரகரக்கிறது, உடைகிறது

எடிட்டரில் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதைப் பொறுத்து வழி பிரியும்.

அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்பட்டிருந்தால்

பதிவு அளவு அதிகம். பேச்சின் உச்சம் −12 டெசிபல் பக்கம் நிற்கும்படி கெயினைக் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள். சைட்டில் வேலை பார்ப்பவர்கள் இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர்கள். ‘டெஸ்ட், டெஸ்ட்’ என்று சொல்லும்போது மெதுவாகச் சொல்வார்கள், கதை சூடுபிடித்ததும் குரல் இரட்டிப்பாகும். அதனால் சோதனையின்போது, “தூரத்துல இருக்குற சிக்னல்மேனைக் கூப்பிடுற மாதிரி கூப்பிடுங்கண்ணே” என்று கேளுங்கள். அந்தக் குரலுக்கு கெயினை வையுங்கள்.

பெரிய சத்தத்தையும் உச்சி வெட்டாமல் பதியும் 32-பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வாங்கினால் இந்தப் பிரச்சினை போகும். ஆனால் பிரேக்கருக்குப் பக்கத்தில் மைக்கில் ஒலியைப் பிடிக்கும் கேப்சூலே திணறினால் எந்த ரெக்கார்டரும் உதவாது. அங்கே தள்ளி நிற்பதுதான் வழி.

உச்சி தட்டையாக இல்லை, உரசல்போல இருந்தால்

சட்டை மைக் எங்கே குத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். சேஃப்டி வெஸ்ட்டில் குத்தினால் நைலான் ஒவ்வொரு மூச்சுக்கும் சரசரக்கும். அதன் வெல்க்ரோ ஒட்டும் பட்டை இன்னும் மோசம். ஹெல்மெட்டின் தாடைப் பட்டை ஆடி ஆடி மைக்கைத் தட்டும். வெஸ்ட்டைக் கழற்றச் சொல்லி, உள்ளே இருக்கும் பருத்தி டி-ஷர்ட்டின் கழுத்துப் பட்டியில் குத்துங்கள். வயரில் ஒரு சிறு வளையம் விட்டு, கிளிப்புக்குக் கீழே டேப் ஒட்டுங்கள். வயர் இழுபட்டாலும் மைக் அசையாது. சைட்டுக்குள் வெஸ்ட்டையோ ஹெல்மெட்டையோ கழற்றச் சொல்லக்கூடாது. ஓய்வறையிலோ வெளியிலோ வந்த பிறகுதான்.

விட்டு விட்டு ‘டிக்... பர்ர்’ என்றால்

பக்கத்தில் வாக்கி-டாக்கி இருக்கிறது. சிக்னல்மேனோ லிஃப்டிங் சூப்பர்வைசரோ பொத்தானை அழுத்தும்போதெல்லாம் மைக் வயரில் அது ஏறும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி உட்காருங்கள். நகர முடியாவிட்டால், நீளமான வயருக்குப் பதில் குட்டை வயர். எக்ஸ்எல்ஆர் வயரானால் இன்னும் நல்லது.

‘புஃப், புஃப்’ என்று அடித்தால் அது காற்று. பஞ்சு உறை வீட்டுக்குள் போதும். துவாஸ், ஜூரோங் தீவுப் பக்கம் திறந்தவெளியில் முடியுள்ள உறை வேண்டும்.

அறிகுறி: பேச்சுக்குப் பின்னால் ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம்

இங்கே மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ரீங்காரம் 50, 100, 150 ஹெர்ட்ஸில் நின்றால் அது மின்கம்பியிலிருந்து வருவது. மடிக்கணினி சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியில் ஓடவிட்டுப் பாருங்கள். நின்றுவிட்டதா? சார்ஜர்தான் காரணம், பேட்டரியிலேயே பதியுங்கள். நிற்கவில்லையா? மைக் வயர் எக்ஸ்டென்ஷன் பெட்டிக்கு இணையாக ஓடுகிறதா என்று பார்த்து விலக்குங்கள். அப்போதும் நிற்காவிட்டால் வயரை மாற்றுங்கள். ரீங்காரம் ஒரே சுருதியில் இல்லாமல் ஏறி இறங்கினால் அது மின்விசிறி, ஏர்கான், இல்லையென்றால் கன்டெய்னர் அலுவலகத்துக்கு வெளியே ஓடும் ஜெனரேட்டர்.

மைக்கின் உலோக உடலையோ மடிக்கணினியையோ தொடும்போது விரலில் சுருக்கென்று மின்சாரம் தெரிந்தால் அது ஒலிக் கோளாறு அல்ல. உடனே நிறுத்துங்கள். பிளக்கைத் தொடாமல் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சைட் அலுவலகமானால் அங்கிருக்கும் சேஃப்டி அதிகாரியிடம் அப்போதே சொல்லுங்கள்.

அறிகுறி: குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் எதிரொலிக்கிறது

வீட்டு பாம் ஷெல்டரில் உட்கார்ந்து பதிவு செய்கிறவர்களுக்கு இது வரும். கான்கிரீட் சுவர் வெளிச்சத்தத்தைத் தடுக்கும், ஆனால் உள்ளே இருக்கும் சத்தத்தைத் திருப்பித் திருப்பி அடிக்கும். மெத்தையை உங்கள் முதுகுக்குப் பின்னால் நிறுத்துங்கள். பக்கச் சுவரில் போர்வை, துணிமணி. காசு கொடுத்து நுரைப் பலகை வாங்கி ஒட்டுவதைவிட இது நன்றாகவே வேலை செய்யும். கன்டெய்னர் அலுவலகத்தில் தகரச் சுவர் அதிரும் என்பதால் போர்வை போதாது. வேறு இடம் தேடுங்கள்.

உங்கள் குரல் மட்டும் இரண்டு தடவை கேட்டால் அறை காரணமல்ல. தொலைபேசியில் பேசும் விருந்தினர் ஸ்பீக்கரைப் போட்டிருக்கிறார். அவருடைய மைக் உங்கள் குரலையும் பிடிக்கிறது. இயர்ஃபோன் மாட்டச் சொன்னால் தீர்ந்தது.

அறிகுறி: ‘ஒருத்தர் பேசுறதுதான் கேக்குது’ என்று கேட்பவர்கள் சொல்கிறார்கள்

உங்கள் ஹெட்ஃபோனில் எல்லாம் சரியாக இருக்கும். அதனால்தான் இதைக் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது. இரண்டு மைக் போடும் சிறு ரெக்கார்டர்கள் பல, உங்கள் குரலை இடது பக்கத்திலும் விருந்தினர் குரலை வலது பக்கத்திலும் எழுதும். அதை அப்படியே வெளியிட்டால், ஒற்றைக் காதில் கேட்கிறவருக்கு கேள்வி மட்டும் கேட்கும், பதில் வராது; அல்லது பதில் மட்டும் வரும். லாரியில் இரண்டு பேர் ஆளுக்கொரு இயர்ஃபோனாகப் பகிர்ந்து கேட்பதும் உண்டு. ஒருவருக்குக் கேள்வி, ஒருவருக்குப் பதில்.

சோதனை: இயர்ஃபோனில் இடதை மட்டும் கேளுங்கள், பிறகு வலதை மட்டும்.

வழி: எடிட்டரில் ஸ்டீரியோ தடத்தை இரண்டு மோனோவாக (ஒற்றைத் தடமாக)ப் பிரித்து, இரண்டையும் நடுவில் வைத்து, முழு எபிசோடையும் மோனோவாக ஏற்றுமதி செய்யுங்கள். பேச்சுப் பாட்காஸ்ட்டுக்கு ஸ்டீரியோவால் ஒரு லாபமும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. மோனோவில் 64 கேபிபிஎஸ் எம்பி3 போதும்: 30 நிமிட எபிசோட் சுமார் 14 எம்பி. 128-ல் ஏற்றினால் அதற்கு இரண்டு மடங்கு. ப்ரீபெய்டு டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிது.

மோனோவாக்கியதும் குரல் மெலிந்து வெறுமையாகக் கேட்டால், ஒரே குரலை இரண்டு மைக்கும் பிடித்து ஒன்றையொன்று தின்கின்றன. ஒருவர் பேசும்போது மற்றவர் மைக்கை எடிட்டில் ஊமையாக்குங்கள்.

ஒரு எபிசோட் மெதுவாகவும் அடுத்தது காதைக் கிழிப்பதாகவும் இருந்தால் அது வேறு. லவுட்னஸை அளந்து பாருங்கள். ஸ்டீரியோவானால் −16 எல்யுஎஃப்எஸ் (லவுட்னஸை அளக்கும் அலகு), மோனோவானால் −19, உச்சம் −1 டெசிபலுக்கு மேல் போகாமல். எல்லா எபிசோடுக்கும் இதே எண்தான்.

அறிகுறி: தூரத்திலிருந்து பேசிய விருந்தினர் பதிவில் ஏதோ சரியில்லை

குரல் தொலைபேசிபோல் சப்பையாக இருந்தால் அவர் புளூடூத் இயர்ஃபோனில் பேசியிருக்கிறார். வயர் இயர்ஃபோனுக்கு மாறச் சொல்லுங்கள். அழைப்பைப் பதிவதைவிட நல்லது, அவர் பக்கத்தில் இன்னொரு போனை வைத்து ரெக்கார்டர் ஆப்பில் பதியச் சொல்வது. அந்தப் போனை ஏரோபிளேன் மோடில் போட வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் அழைப்பு வந்து பதிவு நின்றுவிடும். அனுப்பும்போது வாட்ஸ்ஆப்பில் குரல்பதிவாக அல்ல, டாக்குமெண்ட்டாக.

குரல் வேகமாகவும் கீச்சென்றும் இருந்தால்: 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பை எடிட்டர் 48 என்று நினைத்து ஓட்டுகிறது. ஒரு மணி நேரப் பேச்சு 55 நிமிடத்தில் முடிந்துவிடும். புராஜெக்ட் அமைப்பில் எண்ணைச் சரிசெய்தால் போதும்.

ஆரம்பத்தில் பொருந்தி, போகப் போகக் கேள்விக்கு முன்பே பதில் வருகிறதென்றால்: இரண்டு சாதனங்களின் கடிகாரமும் துளியளவு வேறுபடுகின்றன. பதிவின் தொடக்கத்தில் ஒரு கைத்தட்டல், முடிவில் ஒரு கைத்தட்டல். இரண்டையும் பொருத்தி, நடுவில் மௌனம் வரும் இடங்களில் வெட்டி நகர்த்துங்கள்.

அறிகுறி: கோப்பு திறக்கவில்லை, அல்லது 0 கேபி காட்டுகிறது

முதல் விதி: அந்த கார்டில் இனி ஒரு விநாடிகூடப் பதியாதீர்கள். ஃபார்மேட் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ரெக்கார்டரை நிறுத்தாமல் பேட்டரியைக் கழற்றினாலோ பேட்டரி தீர்ந்துபோனாலோ வேவ் கோப்பின் தலைப்பகுதி எழுதப்படாமல் போகும். உள்ளே ஒலி இருக்கும், ஆனால் பிளேயருக்குத் தெரியாது.

அளவு பெரிதாகக் காட்டி, திறக்க மட்டும் மறுக்கிறதா? ஆடாசிட்டி எடிட்டரில் ‘இம்போர்ட் ரா டேட்டா’ வழியாக எடுங்கள்: 16 அல்லது 24 பிட், லிட்டில் எண்டியன், உங்கள் ரெக்கார்டரின் சாம்பிள் ரேட். ஒரு எண் தவறினால் வெறும் இரைச்சல் வரும். மாற்றி மாற்றிப் பாருங்கள். 0 கேபி என்றால் ஃபோட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருளைக் கணினியில் ஓட்டுங்கள். மீட்ட கோப்பை வேறு இடத்தில் சேமிக்க வேண்டும், அதே கார்டில் அல்ல. கார்டையே கணினி அடையாளம் காணவில்லை என்றால் அதற்கு மேல் நோண்டாதீர்கள். தரவு மீட்பு நிறுவனத்தில் விலை கேட்டுவிட்டு, அந்தப் பேட்டி அதற்குத் தகுமா என்று முடிவெடுங்கள்.

அறிகுறி: விருந்தினர் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்கிறார்

மைக் சரியாக இருந்தும் எபிசோட் தோற்பது இங்கேதான். பெரும்பாலும் காரணம் கூச்சம் அல்ல, பயம். “இதுல எங்க கம்பெனி பேரு வருமாண்ணே?” என்று ஒருவர் கேட்டுவிட்டால் நல்லது, கேட்காமல் மனசுக்குள்ளேயே வைத்திருப்பவர்தான் வாயைத் திறக்க மாட்டார்.

பதிவுக்கு முன் சொன்னீர்களா?

பெயர் வராது, கம்பெனி வராது, சைட் வராது; வெளியிடும் முன் முழுதாகப் போட்டுக் காட்டுவேன்; வேண்டாம் என்றால் வேண்டாம். இந்த ஐந்தையும் பதிவு பொத்தானை அழுத்துவதற்கு முன்பே சொல்லுங்கள், சொன்னபடி செய்யுங்கள். பெயரை மட்டும் எடுத்துவிட்டால் ஆள் தெரியாது என்று நினைக்காதீர்கள். எந்த ஊர், எந்த வேலை, எந்த எம்ஆர்டி பாதை, எந்த மாதம் என்ற நான்கும் சேர்ந்தால் கூட வேலை செய்கிறவர் கண்டுபிடித்துவிடுவார். இரண்டையாவது எடுத்துவிடுங்கள். சைட்டுக்குள் பதிவதென்றால் பிரதான குத்தகையாளரின் அனுமதி வேண்டும். விருந்தினருடைய சம்மதம் அதற்கு ஈடாகாது.

சொல்லியும் பேசவில்லையென்றால்: முதல் கேள்வி என்ன?

‘உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்’ என்றால் யாருக்கும் பேச்சு வராது. இயந்திரத்தைப் பற்றிக் கேளுங்கள். “முதன்முதல்ல எந்த மெஷின்ல ஏறுனீங்க?” “காலாங் பக்கம் மரைன் கிளேயில பக்கெட்டு எப்படி ஒட்டும்? புக்கிட் தீமா பக்கம் கருங்கல்லு வந்தா என்ன செய்வீங்க?” இப்படிக் கேட்டால் எக்ஸ்கவேட்டர் ஆபரேட்டர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார்: களிமண் பக்கெட்டின் அடியில் அப்பிக்கொண்டு விழாது, உதறி உதறி இறக்க வேண்டும், மழை பெய்த மறுநாள் டிராக் எவ்வளவு புதையும் என்பதெல்லாம். கைத்தொழிலைப் பற்றிக் கேட்டால் பெருமை வரும், பெருமையோடு பேச்சும் வரும். ஊரை, குடும்பத்தைப் பற்றிய கேள்விகள் கடைசியில், அவரே தொட்டால் மட்டும்.

நடுவில் வேறு விஷயம் வெளியே வந்தால்

சம்பளம் வரவில்லை, அடிபட்டதை மறைக்கச் சொன்னார்கள் என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால் பதிவை நிறுத்துங்கள். அது நல்ல எபிசோட் ஆகும் என்று தோன்றும். ஆனால் அவருக்கு முதலில் தேவை எபிசோட் அல்ல. சம்பளக் கோரிக்கை டாடெம் எனப்படும் முத்தரப்புத் தகராறு நிர்வாகக் கூட்டணியிடம் போகும்: இன்னும் வேலையில் இருப்பவருக்குப் பிரச்சினை எழுந்ததிலிருந்து 1 ஆண்டு, வேலையை விட்டவருக்குக் கடைசி நாளிலிருந்து 6 மாதம் அவகாசம். வேலையில் அடிபட்டால் விபத்து நடந்த 1 ஆண்டுக்குள் இழப்பீடு கோர வேண்டும். அவகாசம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்லி, வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்கோ டிடபிள்யூசி2, ஹோம் போன்ற, வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் அமைப்புகளுக்கோ அனுப்புங்கள். விசாரணையில் இருக்கும் விபத்தைப் பற்றிய பதிவை வழக்கறிஞரிடம் கேட்காமல் வெளியிடாதீர்கள்.

அறிகுறி: ‘நீங்க சொன்ன அளவு தப்பு’ என்று செய்தி வருகிறது

இதை அலட்சியம் செய்யாதீர்கள். நம்மைக் கேட்டுவிட்டு ஒருவர் குழிக்குள் இறங்கக்கூடும். அடிக்கடி தவறாகச் சொல்லப்படுபவை இவை: 1.5 மீட்டரைத் தாண்டிய பள்ளத்தில் மண் சரியும் ஆபத்து இருந்தால் தாங்கல் அமைப்பு வேண்டும், அந்த ஆழத்துக்கு மேல் தோண்டுவது பெர்மிட் வேண்டிய வேலையும்கூட. 4 மீட்டரைத் தாண்டினால் தாங்கலை நிபுணத்துவப் பொறியாளர் வடிவமைக்க வேண்டும். மின்கம்பி இருக்கும் இடத்தில் தோண்டும் முன் உரிமம் பெற்ற கேபிள் கண்டறிபவர் வந்து குறிக்க வேண்டும். 8 மணி நேர வேலைக்குச் சத்தத்தின் வரம்பு 85 டெசிபல். நிக்கல் ஹைவே இடிந்தது 2004 ஏப்ரல் 20, வட்டப் பாதை கட்டும்போது. இறந்தவர்கள் 4 பேர்.

செய்தி அனுப்பியவர் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாமல், சிங்கப்பூர்ச் சட்டங்களின் இணையத்தளத்திலும் மனிதவள அமைச்சின் பக்கத்திலும் விதியைப் படியுங்கள். தவறு உங்களுடையது என்றால் அந்த ஒரு வாக்கியத்தை அதே மைக்கில், அதே இடத்தில் மறுபடி பேசி ஒட்டி, அதே எபிசோடின் ஒலிக் கோப்பை மாற்றுங்கள். நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றாதீர்கள். முன்பே பதிவிறக்கியவர்களிடம் பழைய கோப்புதான் இருக்கும். அதனால் அடுத்த எபிசோடின் தொடக்கத்திலேயே திருத்தத்தைச் சொல்ல வேண்டும். வரைபடம், பாரக்கணக்கு பற்றிய கேள்வியானால் நீங்கள் பதில் சொல்லாமல் ஒரு நிபுணத்துவப் பொறியாளரை அழைத்துப் பேசவையுங்கள்.

அறிகுறி: வெளியிட்டாயிற்று, ஆப்பில் காணோம்

ஹோஸ்டிங் பக்கத்தில் அது இன்னும் டிராஃப்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து நேரம்: தளத்தின் நேரவலயம் யுடிசி (உலகப் பொது நேரம்) என்றிருந்தால் இரவு 8 மணி என்று நீங்கள் குறித்தது இங்கே மறுநாள் விடியற்காலை 4 மணிக்குத்தான் வரும். இந்தியக் கேட்பவர்களுக்காக நேரம் குறிக்கிறவர்கள் இரண்டரை மணி நேர வித்தியாசத்தையும் கணக்கில் வையுங்கள்.

நேரம் சரியென்றால், ஆப்கள் எபிசோடுகளை எடுத்துக்கொள்ளும் ஆர்எஸ்எஸ் முகவரியை உலாவியில் திறந்து புதிய தலைப்பு அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் உங்கள் பக்கம் வேலை முடிந்தது. ஆப்கள் எடுத்துக்கொள்ள ஒரு நாள்வரை ஆகலாம், அதற்குள் அழித்து அழித்து ஏற்றினால் ஒரே எபிசோட் இரண்டு மூன்று முறை காட்டும். இல்லையென்றால் முகப்புப் படத்தைப் பாருங்கள்: சதுரமாக, 1400 முதல் 3000 பிக்சலுக்குள், ஜேபெக் அல்லது பிஎன்ஜி.

ஹோஸ்டிங்கை மாற்றிய பிறகு பழைய சந்தாதாரர்களுக்கு மட்டும் எதுவும் வராமல் போனால், பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 எனப்படும் நிரந்தரத் திருப்பிவிடல் போடப்படவில்லை. அதைப் பழைய நிறுவனம்தான் போட வேண்டும். அங்கே கணக்கை மூடுவதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள். பழைய, புதிய முகவரி இரண்டையும் அனுப்பி, திருப்பிவிடலைக் குறைந்தது நான்கு வாரமாவது வைத்திருக்கச் சொல்லுங்கள்.